நீங்கள் பார்த்தது எந்த 'பிளேட் ரன்னர்'?

நண்பர்களுக்கு வணக்கம்.

எண்பதுகளின் படங்களைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். ஆளுக்கொரு பட்டியல் கொண்டுவந்திருப்பீர்கள். என் பையிலும் ஒன்று இருக்கிறது. அதை எடுப்பதற்கு முன்னால் ஒரு சண்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் நண்பர்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு 'பிளேட் ரன்னர்' என்ற ஹாலிவுட் அறிவியல் புனைவுப் படத்தின் பக்கம் திரும்பியது. ஒருவர், "நல்ல படம்தான். ஆனால் நாயகன் பின்னணியில் பேசிக்கொண்டே இருப்பதைத் தாங்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரிவதையே வாயாலும் சொல்கிறார்" என்றார். மற்றவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்னணிப் பேச்சா? அதில் அப்படி எதுவுமே கிடையாது. நீங்கள் படத்தையே பார்க்கவில்லை" என்றார். குரல்கள் உயர்ந்தன. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று இருவரும் நின்றார்கள்.

இருவர் சொன்னதும் உண்மை. 1982 ஜூனில் திரையரங்குக்கு வந்த படத்தில், நாயகன் டெக்கார்டாக நடித்த ஹாரிசன் ஃபோர்டின் குரல் வழிநெடுக வரும். கடைசியில் நாயகனும் நாயகியும் மலைப்பாதையில் காரில் போவார்கள். அந்த மலைக்காட்சிகளில் சில, ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்துப் பயன்படுத்தாமல் விட்டவை. 1992இல் வந்த இயக்குநர் பதிப்பில் பின்னணிக் குரலும் இல்லை, மலைப்பயணமும் இல்லை. 2007இல் படத்தின் இயக்குநர் ரிட்லி ஸ்காட் முழுச் சுதந்திரத்தோடு இன்னொரு பதிப்பை முடித்துக் கொடுத்தார்.

வித்தியாசம் எங்கே உறைக்கிறது என்றால், அந்த மொட்டைமாடியில். டெக்கார்ட் வேட்டையாடிவந்த செயற்கை மனிதன் ராய் மழையில் நனைந்தபடி தன் கடைசி வார்த்தைகளைப் பேசி முடித்துத் தலை கவிழ்கிறான். கையிலிருந்த புறா பறந்துபோகிறது. 1982 பதிப்பில், இவன் ஏன் என் உயிரைக் காப்பாற்றினான் என்று டெக்கார்டின் குரல் விளக்கம் தேட ஆரம்பித்துவிடும். பிந்தைய பதிப்புகளில் டெக்கார்டின் முகமும் மழையும் மட்டும்தான். அந்தக் கேள்வியை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். என் நண்பர்கள் இருவரும் பத்து வருடமாக இரண்டு வேறு படங்களை ஒரே பெயரில் நேசித்திருக்கிறார்கள். அது தெரிந்ததும் ஒருவர் மற்றவரின் பதிப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நான் கண்ட சினிமா விவாதங்களில் அதைவிட நல்ல முடிவு வேறொன்று இல்லை.

பதிப்பு மட்டும் இல்லை, திரையும் முக்கியம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரான்' 1985இல் வந்தது. அப்போது அவருக்கு 75 வயது. அதில் ஒரு முதிய பிரபு தங்கியிருக்கும் கோட்டையை அவருடைய மகன்களே தாக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அம்புகள் பாய்கின்றன, வீரர்கள் சரிகிறார்கள், கோட்டை எரிகிறது. ஆனால் வாளோசை இல்லை, குதிரைக் குளம்பொலி இல்லை, அலறல் இல்லை. டோரு டகேமிட்சுவின் இசை மட்டும் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. சட்டென்று ஒரு துப்பாக்கிச் சத்தம். மூத்த மகன் குதிரையிலிருந்து விழுகிறான். அந்த நொடியில் போரின் மொத்த இரைச்சலும் திரும்பி வருகிறது.

இதை நான் முதலில் பார்த்தது ஒரு சின்ன டிவியில். பின்னணி இசை நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன், அவ்வளவுதான். அப்புறம் பல வருடம் கழித்து இருட்டான அரங்கில், பெரிய திரையில் பார்த்தேன். சத்தமில்லாத அந்த நிமிடங்களில் அரங்கில் யாரும் அசையவில்லை. துப்பாக்கி வெடித்தபோது உடம்பு தூக்கிப்போட்டது. அதுவரை 'ரான்' சுமாரான படம் என்று பலரிடம் வாதாடியிருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் அன்றிரவே போன் செய்து சொல்ல வேண்டும்போல் இருந்தது.

எதற்குப் பக்கத்தில் பார்த்தோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் இரண்டு அனிமேஷன் படங்கள் ஒரே டிக்கெட்டில் வெளியாயின. ஒன்று மியாசாகியின் 'மை நெய்பர் டொட்டோரோ'. இன்னொன்று தகஹாத்தாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. முதலாவதில் இரண்டு சிறுமிகள் காட்டு தேவதையோடு மழையில் பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள். இரண்டாவது, ரயில் நிலையத்தில் பசியால் இறக்கும் சிறுவனோடு தொடங்குகிறது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்து வெளியே வந்த குழந்தைக்கு டொட்டோரோ என்னவாக இருந்திருக்கும்?

அதனால் இன்றைக்கு ஒரு வேண்டுகோள். பட்டியல் சொல்லும்போது முதலிடம், மூன்றாமிடம் என்று எண்களை அடுக்க வேண்டாம். எந்த வயதில் பார்த்தீர்கள், எந்தத் திரையில், திரும்பப் பார்த்தீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு காட்சியையாவது நிதானமாகச் சொல்லுங்கள். எதிர்த்துப் பேச வருகிறவருக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

சரி, நானே தொடங்குகிறேன். என் படம் ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே', 1987. அகமது என்ற சிறுவன் வகுப்புத் தோழனின் நோட்டைத் தவறுதலாக வீட்டுக்கு எடுத்துவந்துவிடுகிறான். இன்னொரு முறை நோட்டில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவேன் என்று ஆசிரியர் அந்தத் தோழனைத்தான் அன்று எச்சரித்திருந்தார். அம்மாவிடம் சொன்னால் காதில் வாங்குவதில்லை. மலையில் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். வீடு கிடைக்கவில்லை. படம் முழுக்க இவ்வளவுதான்.

இருபது வயதில் பார்த்தபோது மெதுவாகப் போகிறது என்று பாதியில் எழுந்துவிட்டேன். நாற்பதில், வீட்டுப்பாடம் எழுதாததற்காக ஒரு குழந்தை காலையில் சாப்பிட மறுத்து அழுததைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, மறுபடி போட்டேன். இம்முறை எழவில்லை. மறுநாள் வகுப்பில் அகமது தாமதமாக வந்து தோழனிடம் நோட்டை நீட்டுகிறான். வீட்டுப்பாடத்தை அவனே எழுதி முடித்திருக்கிறான். ஆசிரியர் நோட்டைத் திறக்கிறார். முந்தின நாள் இருட்டில் ஒரு கிழவர் கொடுத்த சின்னப் பூ, அந்தப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.