முதல் கப்பல் சுற்றுலா, இருவர் மட்டும்: எதிலிருந்து திட்டமிடத் தொடங்குவது?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு சகோதரி கேட்டிருக்கிறார், கொஞ்சம் நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்கிறேன். திருமணமாகிப் பத்து வருடம் ஆகிறதாம். முதல் முறையாகக் கணவரும் இவரும் மட்டும் ஒரு குரூஸ் போக ஆசைப்படுகிறார்கள். கணவருக்கு நிறைய ஊர் பார்க்க வேண்டும், இவருக்கு ஓய்வு வேண்டும். போதாததற்கு இவருக்குப் பேருந்தில் போனாலே தலை சுற்றுமாம். எந்தக் கப்பல் நல்லது, எந்த அறை எடுக்கலாம், விளம்பரத்தில் போட்டிருக்கிற தொகையோடு செலவு முடிந்துவிடுமா என்று கேட்கிறார்.

சகோதரி, கப்பல் எது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் முதலில் கப்பலைத்தான் தேடுகிறார்கள், நீச்சல் குளம் எத்தனை, சறுக்கு எத்தனை என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது நாட்களை. கப்பல் பயணத்தில் இரண்டே வகை நாள்தான், ஒன்று கப்பல் ஏதாவது ஊரில் நிற்கும் நாள், இன்னொன்று நாள் முழுக்கக் கடலிலேயே போகும் நாள். நிற்கும் நாளில் காலையில் இறங்கி, ஓடி ஓடி ஊர் பார்த்து, மாலைக்குள் ஏறிவிட வேண்டும். இப்படி நான்கு நாள் தொடர்ந்து வந்தால் ஐந்தாம் நாள் எந்த ஊரில் எதைப் பார்த்தோம் என்பதே குழம்பிவிடும். கடல் நாளில் அலாரம் வேண்டாம், எங்கும் ஓட வேண்டாம். உங்கள் கணவர் கேட்பது முதல் வகை, நீங்கள் கேட்பது இரண்டாம் வகை. இதை வீட்டிலேயே உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடுங்கள், ஏறிய பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். உங்களுக்கு நான் சொல்வது, ஏழு இரவுப் பயணம், அதில் இரண்டு அல்லது மூன்று கடல் நாள், அவையும் கடைசியில் மொத்தமாக இல்லாமல் ஊர்களுக்கு நடுவில் வருகிற மாதிரி ஒரு பாதை.

முதல் தடவைதானே, மூன்று இரவு போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் நாள் மதியத்துக்கு மேல்தான் ஏறுகிறீர்கள், கடைசி நாள் காலையிலேயே இறக்கிவிடுவார்கள், ஆக முழுதாகக் கிடைப்பது இரண்டே நாள். அந்தப் பெரிய கப்பலில் எந்த லிஃப்ட் எங்கே போகிறது என்று பிடிபடுவதற்கே ஒன்றரை நாள் ஆகும், பிடிபடும்போது பெட்டி கட்டச் சொல்லிவிடுவார்கள். ஏழு முடியாது என்றால் ஐந்து இரவாவது எடுங்கள்.

அப்புறம் உங்கள் கணவருக்கு ஒரு வேலை. பாதையில் ரோம், ஃபிளாரன்ஸ், பாரிஸ், பெர்லின் என்று பெரிய பெரிய பெயர்களாக இருக்கும். ரோமுக்குக் கடல் கிடையாது. கப்பல் நிற்பது சிவிதவெக்கியாவில், அங்கிருந்து ரோம் சுமார் 70 கிலோமீட்டர். ஃபிளாரன்ஸ் என்றால் லிவோர்னோவில் நிற்கும், அது 90 கிலோமீட்டர் வரும். பாரிஸ் என்று போட்டிருந்தால் லெ ஆவ்ர், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பெர்லினுக்கு வார்னமுண்டே, அதுவும் 200 கிலோமீட்டருக்கு மேல். போக வர சாலையிலேயே அரை நாள் போய்விடும், பேருந்து ஒத்துக்கொள்ளாத உங்களுக்கு அது இன்னும் பெரிய தண்டனை. அதே சமயம் மால்டாவின் வாலெட்டாவில் கோட்டைச் சுவருக்குக் கீழேயே கப்பல் நிற்கும், இறங்கி லிஃப்டில் ஏறினால் ஊர். பார்சிலோனாவிலும் நகரம் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த மாதிரி இறங்கியவுடன் நடக்கக்கூடிய ஊர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். கிரேக்கத் தீவான சாண்டோரினி மாதிரிச் சில இடங்களில் பெரிய கப்பல் கரைக்கு வரவே முடியாது, நடுவில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் கொண்டுபோய் விடுவார்கள். கரையில் இறங்கிய பிறகும் மேலே போகக் கேபிள் கார் வரிசை, இல்லையென்றால் கிட்டத்தட்ட 600 படிகள். அந்த ஊருக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, அழகு என்றால் அப்படி ஓர் அழகு, ஆனால் அட்டவணையில் எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தால் உங்கள் கைக்கு ஐந்து மணி நேரம்தான் வரும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

ஊர் சுற்றும்போது கப்பல் நேரம் என்று ஒன்று இருக்கிறது. சில பயணங்களில் ஊர் நேரமும் கப்பல் நேரமும் வேறாக இருக்கும், ஃபோன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும், அதனால் ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த ஊரில் உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாக வண்டி பிடித்துப் போனால் காத்திருக்காது. நாங்கள் ஒரு முறை தனியாகப் போய், திரும்பும் வழியில் நெரிசலில் வண்டி நின்றுவிட்டது, கடைசி ஒரு கிலோமீட்டர் இறங்கி ஓடினோம். ஏறிய பிறகு அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் கணக்கு இதுதான்: தூரமான இடம் என்றால் கப்பலின் சுற்றுலா, நடக்கும் தூரம் என்றால் சொந்தமாக, எப்படியானாலும் ஏறச் சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருப்பது.

இப்போது தலைசுற்றல். கப்பல் ஆடுவது பூங்காவில் இருக்கும் சீசா பலகை மாதிரிதான், நடுவில் ஆட்டம் குறைவு, முனைகளிலும் உயரத்திலும் அதிகம். ஆக உங்கள் அறை நீளத்தில் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் இருக்க வேண்டும். ஜன்னல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் உடம்பு ஆட்டத்தை உணர்ந்து கண் அசையாத சுவரைப் பார்க்கும்போதுதான் குமட்டல் வருகிறது, தொடுவானத்தைப் பார்த்தால் மூளைக்கு இரண்டும் ஒத்துப்போய்விடும். பொதுவாகத் தம்பதிகளுக்கு நான் பால்கனி அறையைத்தான் சொல்வேன், காலையில் எழுந்து வெளியே இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கு ஈடே இல்லை. ஆனால் பால்கனிகள் பெரும்பாலும் மேல் தளங்களில் இருக்கும். அதனால் உங்கள் விஷயத்தில், உயரத்தில் கப்பலின் முனைப்பக்கம் கிடைக்கிற பால்கனியைவிட, கீழே நடுவில் கிடைக்கிற ஜன்னல் அறை மேல். பணம் மிச்சமாகும் என்று ஜன்னலே இல்லாத உள் அறை மட்டும் எடுக்காதீர்கள். மற்றவர்களுக்கு அது நல்ல தேர்வுதான், இருட்டில் அருமையாகத் தூக்கம் வரும், உங்களுக்கு வேண்டாம். இன்னொன்று, குறைந்த விலையில் அறை எண்ணைச் சொல்லாமல் பிறகு ஒதுக்கித் தருகிறோம் என்பார்கள், அதையும் தவிருங்கள், கப்பலின் மூக்கில் கொண்டுபோய் வைத்தாலும் நீங்கள் கேள்வி கேட்க முடியாது. அறை எண் கிடைத்ததும் தளப் படத்தை எடுத்து மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள், இரண்டு பக்கமும் அறைகளாகவே இருந்தால் நிம்மதி, நடனக் கூடமோ சமையலறையோ இருந்தால் தூக்கம் போச்சு.

பாதையிலும் இதைப் பார்க்கலாம். நார்வே ஃபியோர்டுகளின் உள்ளேயும், அதாவது மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகலான கடல் நீர்ப்பகுதிகளிலும், அலாஸ்காவின் கரையோரமாகத் தீவுகளுக்கு இடையே போகும் உட்பாதையிலும் இரண்டு பக்கமும் மலையும் தீவும் காப்பாக இருப்பதால் தண்ணீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பிரான்ஸுக்கு மேற்கே, ஸ்பெயினுக்கு வடக்கே இருக்கும் பிஸ்கே விரிகுடாவில் அலை அதிகம், அதைக் கடக்கும் பாதையை முதல் பயணத்துக்கு எடுக்காதீர்கள். கரீபியன் என்றால் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம், அதிலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் உச்சம். அந்த மாதங்களில் விலை இறங்கியிருப்பதற்குக் காரணமே அதுதான், புயல் வந்தால் கப்பல் பாதையை மாற்றிவிடும், நீங்கள் ஆசைப்பட்ட ஊர் அட்டவணையிலிருந்து போய்விடும். மருந்தைப் பொறுத்தவரை, மாத்திரை இருக்கிறது, காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டையும் இருக்கிறது, எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது, கண் அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்தப் பட்டை ஆகாது, அதனால் புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சில மாத்திரைகள் கடுமையாகத் தூக்கம் வரவைக்கும், வீட்டில் ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள். குமட்டல் வந்த பிறகு போடுவதைவிட முன்கூட்டியே போடுவதுதான் வேலை செய்யும்.

செலவு. விளம்பரத்தில் இருப்பது தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு, அதுவும் ஓர் அறையில் இருவர் தங்கினால். அதை இரண்டால் பெருக்குங்கள், அதன் மேல் துறைமுகக் கட்டணம், வரி. பல நிறுவனங்கள் டிப்ஸை ஒரு நாளைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏற்றிவிடும். தங்குவதும் பொதுச் சாப்பாட்டுக் கூடமும் பஃபேயும் பெரும்பாலான நிகழ்ச்சிகளும் சேர்ந்ததுதான், ஆனால் வைஃபை, குளிர்பானம், மது, சிறப்பு உணவகம், ஸ்பா, ஊர் சுற்றுலா எல்லாம் தனி. பான பேக்கேஜ், அதாவது மொத்தமாக ஒரு தொகை கட்டிவிட்டுப் பானங்களை வாங்கிக் குடிக்கும் திட்டம், அந்த விஷயத்தில் தம்பதிகள் அதிகமாக ஏமாறுவது எங்கே என்றால், பல நிறுவனங்களில் ஒருவர் வாங்கினால் அதே அறையில் இருக்கும் இன்னொரு பெரியவரும் வாங்கியாக வேண்டும். இருவரில் ஒருவர்தான் குடிப்பார் என்றால் அது நட்டக் கணக்கு, அவ்வப்போது வேண்டியதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோனை ஏறியவுடன் விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு வரும் பில்லைப் பார்த்துத் தலைசுற்றலே பரவாயில்லை என்று தோன்றும். தினமும் ஒரு முறை உங்கள் கப்பல் கணக்கைப் பாருங்கள், தவறு இருந்தால் அன்றே கேட்டுவிடலாம், கடைசி நாள் காலை வரிசையில் நின்று கேட்பது பெரும் பாடு.

இப்போதுதான் கப்பல். 2024 ஜனவரியில் வந்த ஐகான் ஆஃப் த சீஸ் மாதிரிக் கப்பலில் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் பார்த்தாலே 5,600 பேர். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். ஓய்வு வேண்டும் என்று கேட்கிற உங்களுக்கு அது சரிவராது என்பது என் எண்ணம். வர்ஜின் வாயேஜஸ் நிறுவனத்தின் கப்பல்களும், வைக்கிங் நிறுவனத்தின் கடல் பயணங்களும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். வைக்கிங் கப்பல்களில் ஆயிரத்துக்கும் குறைவானவர்கள்தான், அமைதியாக இருக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். அந்த அளவுக்குப் போக முடியாது என்றால் இரண்டாயிரம் பேர் அளவுள்ள நடுத்தரக் கப்பலைப் பள்ளி விடுமுறை இல்லாத வாரத்தில் எடுங்கள், பாதி அமைதி அதிலேயே வந்துவிடும்.

பதிவு செய்யும்போதே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, கட்டிலை ஒன்றாகச் சேர்த்துப் போட வேண்டும் என்று, பல அறைகளில் இரண்டு தனிக் கட்டில்களாகப் பிரிக்கவும் சேர்க்கவும் முடியும். இன்னொன்று, இரவு உணவுக்கு இருவர் மேசை வேண்டும் என்று. சொல்லாவிட்டால் ஆறு எட்டுப் பேர் உட்காரும் மேசையில் போட்டுவிடலாம், சிலருக்கு அது பிடிக்கும், ஒரு வாரம் இருவராக இருக்கத்தான் போகிறீர்கள் என்றால் முதலிலேயே கேட்டு வாங்குவது நல்லது. இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அறை மிகச் சின்னது, 150 முதல் 200 சதுர அடிக்குள்தான் இருக்கும், குளியலறையில் ஒருவர் திரும்பினாலே இடிக்கும். இருபத்து நான்கு மணி நேரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் கணவர் ஒரு ஊரில் தனியாக இறங்கிச் சுற்றிவிட்டு வரட்டும், அன்று கப்பலே காலியாக இருக்கும், நீங்கள் ஒரு புத்தகத்தோடு நீச்சல் குளத்துப் பக்கம் படுத்திருங்கள். மாலையில் பேச இருவருக்கும் புதிதாக ஏதாவது இருக்கும். அவர் விருப்பமும் உங்கள் விருப்பமும் ஒரே பயணத்தில் நடக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

புறப்படுவதைப் பற்றிச் சுருக்கமாக. கப்பல் கிளம்பும் ஊருக்கு ஒரு நாள் முன்பே போய்விடுங்கள், விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. திரும்பும் விமானம் மதியத்துக்கு மேல் இருக்கட்டும். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். விசா தேவைப்படுகிறவர் என்றால் இதைக் கவனியுங்கள்: கிரேக்கத் தீவுகளோடு துருக்கியும் வருகிற பாதையில் நீங்கள் ஷெங்கனை, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதியை, விட்டு வெளியே போய்த் திரும்ப நுழைகிறீர்கள், ஒரு முறை நுழையும் விசா போதாது. கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் கட்டணம் அதிகம், நடுக்கடலிலிருந்து கரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் அதன் செலவு சொல்லி மாளாது, அதனால் அந்தச் செலவைத் தாங்கும் இன்ஷூரன்ஸ் எடுங்கள். ஏறும் நாளில் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர மாலை ஆகலாம், மருந்து, பாஸ்போர்ட், மாற்றுத் துணி கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகாதீர்கள், வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி இருக்கும், அதை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரத்தில் கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று ஏறியவர்களுக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை, 32 பேர் இறந்துபோனார்கள். 2015 முதல் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சியை நடத்தியாக வேண்டும் என்பது சர்வதேச விதி. ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி, இதுதான் அபாய அறிவிப்பு. உங்கள் கூடும் இடம் எது என்று இருவரும் நடந்தே போய்ப் பார்த்துவிடுங்கள், தனித்தனியாக இருக்கும்போது அறிவிப்பு வந்தால் ஒருவரை ஒருவர் தேடி ஓடாமல் நேராக அங்கே போய்ச் சந்திப்பது என்றும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரி, எந்த மாதம், எந்தப் பக்கம் என்று இருவரும் முடிவு செய்ததும் கீழே எழுதுங்கள். அறை பதிவு செய்வதற்கு முன்பே எழுதினால் நல்லது, தளப் படத்தைப் பார்த்து எந்த அறை என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.