ஐம்பது காசு கட்டியவர்களின் கேள்வி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். காற்பந்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேச நான் தேவையில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்டில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும், ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் நாலு பயிற்றுநர்கள் கிடைப்பார்கள். நான் பேசப்போவது ஆட்டம் பார்க்கிறவர்களைப் பற்றி. பணம் கட்டி, தொண்டை கட்டி, அணி தோற்ற இரவில் சோறு இறங்காமல் படுக்கிறவர்களைப் பற்றி.

ஒரு கடையில் சாப்பாடு சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறோம். கைப்பேசி நிறுவனம் பிடிக்கவில்லை என்றால், நம்பரைக்கூட மாற்றாமல் நிறுவனத்தை மாற்றுகிறோம். ஆனால் ஒரு மென்செஸ்டர் யுனைடெட் ரசிகரிடம் போய், "அண்ணே, உங்க டீம் சரியில்லை, மென்செஸ்டர் சிட்டிக்கு மாறிடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு உங்களுக்கு அழைப்பு வராது. ரசிகன் மாறமாட்டான். இது ரசிகனுக்குப் பெருமை. ஆனால் இது முதலாளிக்கும் தெரியும், அங்கேதான் வில்லங்கம். என்ன விலை வைத்தாலும் இந்த ஆள் எங்கேயும் போகமாட்டான் என்று தெரிந்த வியாபாரி என்ன விலை வைப்பார்?

யுனைடெட்டையே எடுத்துக்கொள்வோம். 2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் சுமார் 790 மில்லியன் பவுண்டுக்கு அந்தக் கிளப்பை வாங்கியது. வாங்கிய பணத்தில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனில் பெரும் பங்கைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப் அது. தன்னை வாங்கியவரின் கடனுக்குத் தானே வட்டி கட்டவேண்டிய நிலை. என்ன நியாயம் இது என்று கேட்ட ரசிகர்களில் சிலர் அதே வருடம் வெளியே வந்து, எஃப்சி யுனைடெட் ஆஃப் மென்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். அங்கே ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. எவ்வளவு பணம் போட்டாலும் ஓர் ஓட்டுதான். உள்ளேயே இருந்தவர்கள் 2010-ல் பச்சையும் மஞ்சளுமான கழுத்துத் துண்டு போட்டுக்கொண்டு அரங்கத்துக்கு வந்தார்கள். நியூட்டன் ஹீத் என்று கிளப்புக்குப் பழைய பெயர் இருந்த காலத்து நிறம் அது. அணியை விடவில்லை, முதலாளியை ஏற்கவும் இல்லை.

சரி, இங்கிலாந்துச் சண்டை நமக்கு எதற்கு என்று யாராவது கேட்கலாம். நம் காசும் அங்கே போகிறது ஐயா. கட்டணத் தொலைக்காட்சிக்கு மாதாமாதம் கட்டுகிறோமே, அதில் ஒரு பங்கு போகிறது. பசார் மாலாமில், அதான் இரவுச் சந்தையில், வாங்கும் ஜெர்சியின் காசு மட்டும்தான் அங்கே போய்ச் சேர்வதில்லை. அதைப் பற்றி வானொலியில் அதிகம் பேச வேண்டாம்.

இப்போது எங்கள் தோட்டத்துக் கதை ஒன்று. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்தில். எழுபதுகளில் எங்களுக்கு ஒரு காற்பந்து அணி இருந்தது. திடல் கோயிலுக்குப் பின்னால். ஆட்டம் இல்லாத நேரத்தில் அது மாடுகளுக்குச் சொந்தம். அணியை நடத்தியது தோட்ட நிர்வாகம் இல்லை. லயத்து ஜனங்கள்தான், வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள்தான். சம்பள நாளன்று ஆப்பீஸ் வாசலில் சின்னக் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், ஒரு 555 புத்தகத்தோடு நிற்பார். உங்களுக்குத் தெரியும், சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்னக் கணக்குப் புத்தகம். வீட்டுக்கு ஐம்பது காசு சந்தா. கொடுத்தவர் பெயருக்கு நேரே பென்சிலில் ஒரு கோடு, கொடுக்காதவருக்கு ஒரு புள்ளி. புள்ளி மூன்று சேர்ந்தால் கிராணியே லயத்துக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்.

வருடத்துக்கு ஒரு முறை பாலர் பள்ளியில் கூட்டம். கிராணி வரவு செலவைப் படிப்பார். ஜெர்சி இத்தனை, லாரி வாடகை இத்தனை, பந்து பதினெட்டு வெள்ளி. எல்லாரும் தலையாட்டுவார்கள், கூட்டம் முடியும், பிஸ்கட்டும் கோப்பியும் வரும். ஒரு வருடம் பிஸ்கட் வரவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்தார். பால் மரம் வெட்டுகிறவர். ஆட்ட நாளில் திடலின் அந்தப் பக்கம் சாக்கு விரித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே தவிர, அவர் ஆட்டத்தைப் பார்க்கிறாரா, வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் பார்க்கிறாரா என்று யாருக்கும் தெரியாது.

"ஐயா, பந்து பதினெட்டு வெள்ளின்னு படிச்சீங்களே, டவுன் கடையிலே பதினாறுதானுங்களே?"

கூட்டத்தில் சத்தமே இல்லை. கிராணிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் பெரியம்மா, உங்களுக்குப் பந்து விளையாட்டு தெரியுமா?" என்றார்.

"விளையாட்டு எனக்கு எதுக்குங்க ஐயா? அம்பது காசு என்னோடதுங்களே."

கிராணி ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பி ரசீதை எடுத்து வரச் சொன்னார். அந்தப் பையன் நான்தான். ஓடினேன். ரசீதில் பந்து பதினாறு. உள்ளே வைக்கும் பிளேடரும் காற்றடிக்கும் ஊசியும் சேர்த்து இரண்டு வெள்ளி. ஆக பதினெட்டு. பெரியம்மா வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். "சரிங்க ஐயா" என்று உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். அடுத்த வருடம் கேட்காமலேயே எல்லா ரசீதும் புத்தகத்தில் குத்தி வந்தன.

கவனியுங்கள், கிராணி நாணயமானவர். ஒரு காசு தொட்டவரில்லை. கேள்வி கேட்பதற்கு ஆள் திருடனாக இருக்கவேண்டிய அவசியமில்லை. இதை நான் திரும்பவும் சொல்வேன், ஏனென்றால் இன்றைக்குக் கணக்குக் கேட்டாலே "எங்களை நம்பவில்லையா, நீயெல்லாம் ஒரு ரசிகனா?" என்கிறார்கள். கோயில் கமிட்டி கணக்குக் காட்டவில்லை என்றால் நாம் சும்மா இருப்போமா? கூட்டத்தில் நாற்காலி பறக்கும், சங்கப் பதிவிலாகா வரை மனு போகும். தேர் இழுக்கிறவனுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டென்றால், தொண்டை வற்றக் கத்துகிறவனுக்கும் உண்டு.

அப்படிக் கேட்டால் பலன் இருக்குமா? இருந்திருக்கிறது. 2016 பிப்ரவரியில், புதிதாகக் கட்டிய மேடையில் சில இடங்களுக்கு 77 பவுண்டு வாங்கப்போவதாக லிவர்புல் கிளப் அறிவித்தது. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டம். லிவர்புல் இரண்டுக்குப் பூஜ்யம் என்று முன்னணியில் இருக்கிறது. சரியாக 77-வது நிமிடம், ஆயிரக்கணக்கான பேர் எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். தோற்கிற ஆட்டத்தில் எழுந்து போவது யாருக்கும் வரும். ஜெயிக்கிற ஆட்டத்தில் எழுந்து போவதற்குத்தான் மனம் வேண்டும். அவர்கள் போன பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு ஆட்டம் சமமானது, அது வேறு. சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அதிகபட்ச விலையைப் பழைய 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள். அந்த ஆள்கள் யாரும் செல்சிக்கு மாறவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

இதற்கு நேர்மாறாக, 2024 கடைசியில் யுனைடெட்டில் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே மிச்ச டிக்கெட்டுகளுக்கு 66 பவுண்டு என்றார்கள். சிறுவர், முதியவர் சலுகை கிடையாது. நம் காசுக்கு 350 வெள்ளிக்கு மேல். ஓர் அப்பா இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஆயிரம் வெள்ளி தாண்டிவிடும். அந்தப் பிள்ளை அரங்கத்துக்குப் போகாமலேயே வளர்ந்தால், நாளைக்கு மாறாத ரசிகனாக அவன் எப்படி ஆவான்?

நம் நாட்டில் டிக்கெட் விலை அவ்வளவு இல்லை. நமக்கு வேறு வயிற்றெரிச்சல். 2018-ல் வியட்நாமோடு ஆசியான் இறுதியாட்டம் புக்கிட் ஜாலிலில் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? டிக்கெட் வாங்க மக்கள் இரவெல்லாம் அரங்க வாசலில் கிடந்தார்கள். இப்போது எல்லாம் கைப்பேசியில். வசதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் அது என்ன செய்தது என்று பாருங்கள். முன்பெல்லாம் பேருந்து ஏற்பாடு செய்கிறவர் முகப்பில் போய் நாற்பது டிக்கெட் ஒரே கட்டாக வாங்கி வருவார். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அரங்கத்திலும் பக்கத்தில். தாத்தா, பேரன், உறுமி மேளம் எல்லாம் ஒரே வரிசை. இப்போது ஒரு கணக்குக்குச் சில டிக்கெட்தான். விற்பனை தொடங்கிய நிமிடத்தில் திரையில் சக்கரம் சுற்றும். சுற்றி முடிந்தால் இடம் இல்லை. இருந்தாலும் ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே. வங்கி அட்டை இல்லாத பெரியவர் அண்டை வீட்டுப் பையனைக் கெஞ்ச வேண்டும். அன்று மாலையே வாசலில் ஒருவன் கை நிறைய டிக்கெட்டோடு இரட்டை விலைக்கு நிற்பான். அவனுக்கு மட்டும் எந்தக் கைப்பேசியில் கிடைத்தது? இதைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதத்துக்கு, "உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று பதில் வந்தது.

முதலாளி என்றாலே வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டு வின்சென்ட் டான் வேல்ஸில் கார்டிஃப் சிட்டியை வைத்திருக்கிறார். அந்த அணிக்கு நீலப் பறவைகள் என்று பட்டப்பெயர். நூறு வருட நீலம். 2012-ல் ஜெர்சியைச் சிவப்பாக்கினார். சிவப்பு ராசியான நிறம், ஆசியாவில் எடுபடும் என்பது கணக்கு. ரசிகர்களிலேயே இரண்டு கட்சி. "சிவப்போ நீலமோ, மேலே போனால் சரி" என்றவர்களும் உண்டு. மேலேயும் போனார்கள், 2013-ல் பிரிமியர் லீக். அடுத்த வருடமே இறங்கினார்கள். 2015 ஜனவரியில் நீலம் திரும்ப வந்தது. ஒற்றுமை முக்கியம் என்று தம் தாயார் சொன்னதையும் அவர் தம் அறிக்கையில் குறிப்பிட்டிருந்தார். அம்மா சொன்னதைக் கேட்டார், நல்லது. இரண்டரை வருடம் அரங்கத்தில் கத்திய ஆயிரக்கணக்கான பேர் சொன்னதையும் அப்போதே கேட்டிருக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் தம்பி ஐந்து விரலைக் காட்டுகிறார். நம் பேராக்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் ஊருக்குள் என்னை விடமாட்டார்கள்.

1926-லேயே மலாயா கிண்ணம் வென்ற மாநிலம் இது. 2018-ல் மலேசியா கிண்ண இறுதியாட்டத்தில், ஷா ஆலமில் திரங்கானுவோடு மூன்றுக்கு மூன்று, அப்புறம் பெனால்டியில் வெற்றி. மஞ்சள் கறுப்புக் கொடி எங்கள் ஊர்ப் பிரதான சாலையில் வாரக்கணக்கில் பறந்தது. மூன்றே வருடத்தில், 2021-ல், சம்பள பாக்கி, ஆட்டக்காரர்கள் வெளியேற்றம், கீழ்நிலைக்கு இறக்கம். 2025-ல் பணமில்லை என்று கிளப்பே லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. நம்மவர்களின் மிஃபாவும், அதாவது மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணியும், அப்படித்தான். பெயர் மாறிப் பெட்டாலிங் ஜெயா சிட்டியாகி, 2019-ல் சூப்பர் லீக் வரை வந்து, 2022 பருவத்தோடு போய்விட்டது.

முன்பு பேராக் அணியை மாநிலச் சங்கம் நடத்தியது, அரசாங்கப் பணம். பிறகு தனியார் நிறுவனம் என்றார்கள். இரண்டிலும் ஒரு விஷயம் மாறவில்லை. கொடி பிடித்தவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவனிடம் எந்த ரசீதும் காட்டவில்லை. இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. கிளேசரைத் திட்டிய நேரத்தில் பாதியை ஈப்போ அணியின் கணக்கைக் கேட்பதில் செலவழித்திருந்தால் என்ன? மென்செஸ்டர் பல மணி நேர விமானப் பயணம், ஈப்போ அரை மணி நேரம்.

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. நிலம் கைமாறி, ரப்பர் போய், செம்பனையும் போய், பாதி வீடமைப்பு. ஜனங்கள் ரவாங், கிள்ளான், ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள். ஆனால் ஆடித் திருவிழாவுக்கு வரும் பையன்கள், தாங்கள் பார்த்தேயிராத அந்தத் தோட்டத்தின் பெயரை முதுகில் அச்சடித்து இன்னும் ஆடுகிறார்கள். அணியை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. இன்றும் வீட்டுக்கு வீடு வசூல்தான். ஐம்பது காசு இருபது வெள்ளியாகிவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டு விரல் காட்டுகிறார். ஜெர்மனியைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். அங்கே பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும், ஐம்பதும் ஒன்றும் என்பது விதி. 2024-ல் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்க லீக் முயன்றபோது, ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளைத் திடலில் வீசி வாராவாரம் ஆட்டத்தை நிறுத்தினார்கள். திட்டத்தையே கைவிட்டார்கள். லண்டனில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப்பில் நம் ரூபன் ஞானலிங்கம் பெரும்பங்கு வைத்திருக்கிறார், அதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அது நடக்காது. கடைசியாக ஒன்று. பேராக் அணி மறுபடி எழுந்து வருமானால், நிர்வாகத்தில் ரசிகர் சங்கத்துக்கு ஓர் இடம், வருடத்துக்கு ஒரு முறை பொதுவில் கணக்கு, பேருந்துக் கூட்டத்துக்கு மொத்தமாக டிக்கெட், இந்த மூன்றையும் கேட்டு எங்கள் ஊரில் ஒரு மனு தயாராகிறது. விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் சங்கத்தைப் பதிவு செய்யும் வேலையும் நடக்கிறது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் எங்கே வரவேண்டும் என்றால்... செய்தி நேரம் வந்துவிட்டதாம். நிலையத்தில் சொல்லி வைக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.