பையிலிருந்த 37 குப்பிகள்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

மனதுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள். எனக்குப் பல வருடமாகப் பிடித்தது கணினி விளையாட்டு. அதிலும் நாலு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து காடு, குகை, கோட்டை என்று அலைகிற மாயக்கதை விளையாட்டுகள். இன்றைக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போகிறேன். குழுவின் பையில் இருக்கும் சாமான்களை யாருக்குக் கொடுப்பது, எப்போது செலவழிப்பது? சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் நான் பார்த்த தோல்விகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வந்தன.

நான் சொல்லப் போகிற விளையாட்டின் பெயர் பால்டர்ஸ் கேட் 3. பெல்ஜியம் நாட்டில் கென்ட் என்ற ஊரில் இருக்கிற லேரியன் ஸ்டூடியோஸ் செய்தது. 2023 ஆகஸ்ட் 3 அன்று கணினிக்கு வந்தது. இதற்கு வேர் 1974-இல் அமெரிக்காவில் பிறந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அது காகிதம், பென்சில், பகடை வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. வீட்டில் தாயம் ஆடியவர்களுக்குப் பகடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பித்தளைத் தாயக்கட்டைக்கு நாலு முகம். அவர்களிடமும் நாலு முகப் பகடை ஒன்று உண்டு, கோபுரம் மாதிரி கூராக இருக்கும். இந்த நாலு முகப் பகடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

சண்டை முறை வைத்து நடக்கும். உங்கள் ஆள் ஒரு முறை, எதிரி ஒரு முறை. உங்கள் முறை வரும்போது ஒரு பெரிய காரியம் செய்யலாம், ஒரு சின்ன காரியம் செய்யலாம். விளையாடுகிறவர்கள் ஆக்‌ஷன், போனஸ் ஆக்‌ஷன் என்பார்கள். வாள் வீசுவது, பெரிய மந்திரம் சொல்வது எல்லாம் பெரிய காரியம். சின்ன காரியத்தில் என்ன செய்யலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் சில எல்லோருக்கும் பொது. அதில் ஒன்று மருந்து குடிப்பது. போஷன் என்று சொல்வார்கள், நான் குப்பி என்றே சொல்கிறேன். சாதாரணக் குப்பியைக் குடித்தால் நாலு முகப் பகடை இரண்டை உருட்டி, அதோடு 2 சேர்த்து, அத்தனை உயிர்ப்புள்ளி ஏறும். இன்னும் எவ்வளவு அடி தாங்குவோம் என்ற கணக்குதான் உயிர்ப்புள்ளி. குறைந்தது 4, அதிகம் 10. சின்ன காரியத்தில் குடித்துவிட்டு, அதே முறையில் வாளும் வீசலாம். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். குடிப்பதால் உங்கள் அடி ஒன்றும் குறைவதில்லை.

இப்போது எங்கள் வீட்டுக் கதை.

நாங்கள் நாலு பேர். நான், என் தம்பி, மாமா பெண், அண்ணன் மகன். நாலு பேரும் நாலு ஊர். சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றாக ஆடுவோம். இந்த விளையாட்டில் ஆனர் மோடு என்று ஒன்று உண்டு, 2023 நவம்பர் 30 அன்று சேர்த்தார்கள். அதில் ஒரே ஒரு சேவ்தான், அதாவது ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் பதிவு ஒன்றுதான். தோற்றால் பழைய இடத்துக்குப் போய் மறுபடி ஆட முடியாது. நாலு பேரும் விழுந்தால் அந்த ஆட்டம் அத்தோடு சரி. கடைசிவரை தாக்குப்பிடித்து ஜெயித்தால் தங்க நிறத்தில் ஒரு பகடை கிடைக்கும். அந்தப் பகடைக்காகத்தான் இறங்கினோம்.

பாழடைந்த கிராமம் ஒன்று வரும். அங்கே ஒரு கிணறு. கிணற்றுக்குக் கீழே குகை, குகைக்குள் சிலந்திகள், எல்லாவற்றுக்கும் தாயான பெரிய சிலந்தி ஒன்று. இருந்த இடத்திலிருந்து மறைந்து, நம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். முட்டைகள் உடைந்து குட்டிகள் கிளம்பும். விஷம் வேறு. நாங்கள் போகும்போது நல்ல தெம்பாகத்தான் போனோம். அது வலைமேல் நின்றபோது தம்பி வலையைக் கொளுத்தினான். மேலேயிருந்து தொப்பென்று விழுந்தது. நாலு பேரும் கத்தினோம். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த என் அம்மா எழுந்து வந்து என்ன என்று கேட்டார்கள்.

அந்தச் சந்தோஷம் இரண்டு சுற்றுதான். அப்புறம் ஒவ்வொருவராக அடி வாங்க ஆரம்பித்தோம். அண்ணன் மகன் கேட்டான், "அத்தை, உங்களுக்கு எவ்வளவு இருக்கு?" ஒன்பது என்றேன். "ஒண்ணு குடிச்சிருங்களேன்." இருக்கட்டும்டா, கடைசியில் வேணும் என்றேன். அடுத்த முறையில் நான் தரையில் கிடந்தேன். என்னைத் தூக்கிவிட மாமா பெண் குகையின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தாள். ஓடி வருவதிலேயே அவள் முறை முடிந்துவிட்டது. அவள் பையில் மருந்து இருந்தது. அவளும் வைத்துக்கொண்டேதான் விழுந்தாள். தம்பியும் அப்படியே. நாலாவதாக அண்ணன் மகன்.

ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. தோற்றால் விளையாட்டு ஒரு வழி விடுகிறது. ஆனர் மோடைக் கைவிட்டுவிட்டு, சாதாரண ஆட்டமாகத் தொடரலாம். அப்படித் தொடர்ந்து, சண்டைக்கு முந்தைய இடத்தில் நின்றுகொண்டு நாலு பேரும் பையைத் திறந்து எண்ணினோம். என்னிடம் 6. தம்பியிடம் 4. அண்ணன் மகனிடம் 8. மாமா பெண்ணிடம் 19. மொத்தம் 37 குப்பி. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை.

குப்பி போகட்டும், சின்ன காரியங்களை எண்ணிப் பாருங்கள். ஏழு சுற்றுச் சண்டையில் நாலு பேருக்கும் சேர்த்து இருபதுக்கு மேற்பட்ட சின்ன காரியங்கள் கிடைத்திருக்கும். பாதிக்கு மேல் ஒன்றுமே செய்யாமல் 'முறை முடிந்தது' பொத்தானை அழுத்தியிருக்கிறோம். குப்பி தீர்ந்தால் வாங்கலாம். செய்யாமல் விட்ட முறை திரும்ப வராது. நாங்கள் மிச்சம் பிடித்தது மலிவான பொருளை, வீணாக்கியது விலையுயர்ந்ததை.

ஏன் இப்படிச் செய்கிறோம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நம் வீடுகளில் நல்ல பாத்திரம் பரணில்தானே இருக்கும், விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று. அந்தக் கை அப்படியே விளையாட்டுக்கும் வந்துவிடுகிறது. இன்னொரு காரணம் சேவ். மற்ற நேரத்தில் தோற்றால் பழைய சேவை லோட் செய்து மறுபடி ஆடுகிறோம். பத்துத் தடவை ஆடினால் பதினோராவது தடவை பகடை நல்லபடி விழுந்து ஜெயித்துவிடுகிறோம். மருந்து தேவையே படுவதில்லை. வருடக்கணக்கில் இப்படி ஆடிய கைக்கு, ஒரே சேவ் என்று வந்ததும் மருந்து நினைவுக்கே வருவதில்லை.

சரி, அதற்குப் பிறகு நாங்கள் என்ன மாற்றினோம்?

முதலில், ஒருவரே 19 குப்பி வைத்துக்கொள்வதை நிறுத்தினோம். ஆளுக்கு மூன்று. மிச்சம் முழுக்க ஒருவரிடம். அந்த ஒருவர் குடிப்பதற்காக வைத்திருப்பதில்லை, எறிவதற்காக. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இந்த விளையாட்டில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். மருந்துக் குப்பியைத் தூக்கி எறியலாம். அது பெரிய காரியம். தரையில் விழுந்து உடைந்ததும் சுற்றி 2 மீட்டருக்குள் நிற்கும் எல்லோருக்கும் உயிர் ஏறும். ஒரு குப்பியில் மூன்று பேர். விழுந்து கிடப்பவர் பக்கத்தில் எறிந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார், குகையின் குறுக்கே ஓட வேண்டாம். மாமா பெண் அன்றைக்கு ஓடி வராமல் நின்ற இடத்திலிருந்து எறிந்திருந்தால் நான் எழுந்திருப்பேன். ஒரு கவனம் மட்டும் வேண்டும்: அந்த வட்டத்துக்குள் எதிரி நின்றால் அவனுக்கும் ஏறும்.

இதோடு இரண்டு சாமான் சேர்த்தால் இன்னும் விசேஷம். தி விஸ்பரிங் ப்ராமிஸ் என்று ஒரு மோதிரம். அதைப் போட்டிருப்பவர் யாரைக் குணப்படுத்தினாலும், அவருக்கு இரண்டு சுற்றுக்கு ஆசி கிடைக்கும். ஆசி என்றால், அடிக்கும் ஒவ்வொரு பகடையோடும் அந்த நாலு முகப் பகடை ஒன்று கூடுதலாகச் சேரும். ஹெல்ரைடர்ஸ் ப்ரைட் என்று கையுறை. அதைப் போட்டுக்கொண்டு ஒருவரைக் குணப்படுத்தினால், அவர்மேல் விழும் வாள், அம்பு, தடி அடிகளின் சேதம் கொஞ்ச நேரத்துக்குப் பாதியாகும். இரண்டையும் ஒருவரே மாட்டிக்கொண்டு, மூன்று பேர் நடுவே ஒரு சாதாரணக் குப்பியை எறிந்தால் என்ன ஆகும்? மூன்று பேருக்கும் உயிர், மூன்று பேருக்கும் ஆசி, மூன்று பேருக்கும் பாதி சேதம். எறிவதோ கடையில் கிடைக்கும் சாதாரணக் குப்பி. மோதிரமும் கையுறையும் அப்படி ஒன்றும் அரிய பொருளல்ல, கதையின் முதல் பாகத்திலேயே கிடைப்பவை. நிறையப் பேர் விற்றுவிடுகிறார்கள்.

சாமான் யாருக்கு என்ற கேள்விக்கு இப்படித்தான் வந்தேன். நம் வழக்கம் என்ன? வலுவானவனுக்கு வலுவான பொருள், படித்தவனுக்குப் புத்தி கூட்டும் பொருள். இதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அதே பாழடைந்த கிராமத்தில் மூன்று ராட்சதர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் பண்டிதர் மாதிரி சுத்தமாகப் பேசுவான். காரணம் அவன் தலையில் கட்டியிருக்கும் பட்டை. அதை அணிந்தால் புத்தி 17 ஆகும். கூட்டிக் கொடுப்பதில்லை, 17 ஆக்கும். அதைப் பறித்ததும் புதிதாக ஆடுகிறவர்கள், விளையாட்டிலேயே துணைக்கு வரும் மந்திரவாதியான கேல் தலையில் கட்டுவார்கள். கேலுக்குத் தொடக்கத்திலேயே புத்தி 17! கட்டியும் ஒன்றுதான், கட்டாமலும் ஒன்றுதான். வாளோடு பாதி மந்திரமும் கற்கிற ஆள் குழுவில் யாராவது இருப்பார், புத்தி பத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அவர் தலையில் கட்டுங்கள், வேறு ஆளாகிவிடுவார். வேகத்தை 18 ஆக்கும் கையுறையும் இப்படித்தான். கனமான கவசம் போட்டு மெதுவாக நகர்பவருக்குக் கொடுத்தால், சண்டையில் அவர் முறை சீக்கிரம் வரும். இந்த விளையாட்டில் யார் முதலில் என்பதற்கும் நாலு முகப் பகடைதான். பகடை சின்னது என்பதால் வேகத்தில் கூடும் ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பு அதிகம். அதாவது, இருப்பதைக் கூட்டும் பொருள் உள்ளவருக்கு, இவ்வளவு என்று நிர்ணயிக்கும் பொருள் இல்லாதவருக்கு. பொருளைப் பார்த்ததும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: கூட்டுகிறதா, நிர்ணயிக்கிறதா?

எலிக்ஸர் என்ற மருந்துக்கும் இதே கணக்கு. எலிக்ஸர் ஒன்று குடித்தால் அடுத்த நீண்ட ஓய்வு வரை, அதாவது குழு முகாமில் ராத்திரி தூங்கும் வரை, நிற்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். மலை ராட்சத எலிக்ஸர் பலத்தை 21 ஆக்கும். ஆன்டி எத்தல் என்ற கிழவியிடம் கிடைக்கும், நீண்ட ஓய்வு எடுத்தால் கடைக்காரர்களிடம் சரக்கும் புதிதாக வந்துவிடும். கேல் மாதிரி துணைக்கு வருகிறவர்களில், ஏற்கெனவே பலசாலியான கார்லாக்குக்குக் கொடுத்தால் லாபம் கொஞ்சம். தண்டம் ஏந்தி அடிக்கும் ஷேடோஹார்ட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். காலையில் எழுந்ததும் காபி மாதிரி, தினம் ஒன்று. தீர்ந்துவிடுமே என்று நினைக்காதீர்கள், தீர்வதற்குத்தான் கிழவி விற்கிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். சுருள்கள், அம்புகள், தண்ணீர்ப் புட்டி என்று மூன்று வைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்ப் புட்டியை எதிரிமேல் எறிந்தால் அவன் நனைவான். நனைந்தவன்மேல் மின்னலோ உறைபனியோ பட்டால் சேதம் இரட்டிப்பு. யாரும் சீண்டாத புட்டி அது, தூக்கிப் போடாதீர்கள். மந்திரச் சுருளை இந்த விளையாட்டில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மந்திரவாதி வேண்டியதில்லை. அதனால் உயிர்ப்பிக்கும் சுருளை ஆளுக்கு ஒன்று கொடுங்கள், ஒருவரிடமே எல்லாமும் இருந்து அவரே விழுந்தால் கஷ்டம். அம்புகளைப் பற்றிச் சொல்ல நேரமில்லை.

ஒரே ஒரு சேதி மட்டும். போன மாதம் நாங்கள் நாலு பேரும் மறுபடி ஆனர் மோடில் முதலிலிருந்து தொடங்கினோம். மறுபடி அதே கிணறு, அதே குகை. இந்தத் தடவை மாமா பெண்தான் எறிகிறவள், கையுறையும் மோதிரமும் அவளுக்கு. மூன்றாவது சுற்றில் நான் விழுந்தேன். தூரத்திலிருந்து என் காலடியில் ஒரு குப்பி வந்து உடைந்தது. பெரிய சிலந்தி சாய்ந்து, நாலு பேரும் வெளியே வந்து பையை எண்ணினோம். எல்லோரிடமும் சேர்த்து 5 குப்பி இருந்தது.

நன்றி, வணக்கம்.