எஞ்சின் செய்தவர் ஏன் குன்றேறினார்?

நடுவர் அவர்களுக்கும், அவையோருக்கும், எனக்கு முன்னால் எஞ்சின் சத்தத்தோடு முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவர் அண்ணன் அவர்களுக்கும் வணக்கம்.

‘மனிதனுக்கு வானத்தைத் திறந்தது எஞ்சினா, இறக்கையா?’ என்பது தலைப்பு. இறக்கையே என்று வாதாட வந்திருக்கிறேன். எஞ்சின் இல்லாமல் இறக்கையால் மட்டும் மிதக்கும் கிளைடரில் பறந்த, ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தாலைப் பற்றி அண்ணன் ஒன்று சொன்னார். ‘குன்றிலிருந்து குதித்தவரெல்லாம் விமானி என்றால், எங்கள் ஊர்க் கிணற்றில் குதிக்கிற பையன்களும் விமானிகள்தாம்’ என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் கிணற்றில் குதிக்கிற பையன் 250 மீட்டர் மிதந்து போய் அடுத்த ஊர்க் கொல்லையில் இறங்குவதில்லை. லிலியந்தால் ரினோ குன்றுகளிலிருந்து அவ்வளவு தூரம் போயிருக்கிறார். ஒரு தடவை அல்ல, இரு தடவை அல்ல. 1891 முதல் 1896 வரை ஏறத்தாழ 2,000 தடவை பறந்திருக்கிறார்.

அண்ணன் வசதியாக விட்டுவிட்ட சங்கதி ஒன்று உண்டு. லிலியந்தால் எஞ்சின் தெரியாதவர் அல்லர். எஞ்சின் செய்து விற்றவர்! பெர்லினில் அவருக்கு நீராவி எஞ்சினும் கொதிகலனும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. எளிதில் வெடிக்காத சிறு கொதிகலன் ஒன்றுக்குக் காப்புரிமை வைத்திருந்தார். லாபத்தில் கால் பங்கைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தவர். தலைப்புக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் அப்படி ஒரு முதலாளியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பட்டறை நிறைய எஞ்சின் வைத்திருந்த அந்த மனிதர், பறக்க நினைத்தபோது எதை எடுத்தார்? வில்லோ கம்பையும் பருத்தித் துணியையும் எடுத்தார். கிரிக்கெட் மட்டை செய்கிறோமே, அந்த வில்லோதான்.

அங்க்லாம் என்ற சிற்றூரில் 1848இல் பிறந்தவர் அவர். சிறுவயதில் தம்பி குஸ்டாவோடு சேர்ந்து செங்கால் நாரைகள் எழும்புவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே திரிந்தவர். பார்த்ததோடு விடவில்லை. சுழலும் கை ஒன்றைச் செய்து, அதன் முனையில் பலவகைத் தகடுகளைக் கட்டிச் சுற்றவிட்டு, காற்று எதை எவ்வளவு தூக்குகிறது என்று அளந்தார். தட்டைப் பலகையைவிட, மேல்பக்கம் மெல்லக் குவிந்த பரப்பு அதிகம் தூக்கும் என்பதை எண்களோடு 1889இல் நூலாகவே போட்டார். இன்றைக்கு நீங்கள் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் விமானத்தின் ஜன்னலோர இருக்கையில் அமர்ந்து பார்த்தால் தெரிகிற அந்த வளைவுதான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. பெர்லினை ஒட்டிய லிஷ்டர்ஃபெல்டெயில் 15 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் குவித்துத் தனக்கென்று ஒரு குன்றே எழுப்பிக்கொண்டார். ஏன் கூம்பு வடிவம்? காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்கு எதிர்முகமாக ஓடி எழும்ப வேண்டும். உச்சியில் கிளைடரை வைக்க ஒரு கொட்டகை. அவருடைய கிளைடரில் இருக்கை கிடையாது, சுக்கான் பிடி கிடையாது. இருபது கிலோ எடையுள்ள இறக்கைச் சட்டத்துக்குள் முழங்கைகளை நுழைத்துக்கொண்டு, சரிவில் நாலு எட்டு ஓடி, காலைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். அப்புறம் இடுப்புக்குக் கீழே உள்ளதெல்லாம் அந்தரத்தில் தொங்கும். இடது இறக்கை மேலே தூக்கினால் கால்களை இடப்பக்கம் வீச வேண்டும். மூக்கு நிமிர்ந்தால் கால்களை முன்னே நீட்ட வேண்டும். மனிதனின் கால்தான் அந்த விமானத்தின் சுக்கான்!

நான் சைக்கிள் பழகிய கதை நினைவுக்கு வருகிறது. மணிக்கு ஐம்பது பைசா வாடகை. இருக்கை எட்டாத உயரம். பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல். இரண்டு முட்டியிலும் தோல் உரிந்த பிறகுதான் சைக்கிள் என் சொல் கேட்டது. அந்த வயதில் என்னைத் தூக்கி ஒரு மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்து விசையைத் திருகிவிட்டிருந்தால், இன்று உங்கள் முன் நின்று பேச நான் இருந்திருக்க மாட்டேன். எஞ்சின் கட்சிக்காரர்கள் செய்தது அதைத்தான்.

இங்கிலாந்தின் ஹிராம் மக்சிம், இயந்திரத் துப்பாக்கி கண்டுபிடித்த அதே மக்சிம், 1894இல் மூன்றரை டன் எடையில் ஒரு பறக்கும் பொறி கட்டினார். நீராவி எஞ்சின் இரண்டு, ஒவ்வொன்றும் 180 குதிரைத்திறன். தண்டவாளத்தில் ஓடியது, கொஞ்சம் எழும்பியது, மேலே போய்விடாமல் தடுக்கப் போட்டிருந்த காப்புத் தண்டவாளத்தை முறித்தது, நின்றது. எழும்பிவிட்ட பின் அதை எப்படி ஓட்டுவது என்பது ஏறியிருந்த ஒருவருக்கும் தெரியாது. அமெரிக்காவில் லாங்லி என்ற விஞ்ஞானி அரசாங்கத்தின் 50,000 டாலரோடு இறங்கினார். அவருடைய உதவியாளர் மான்லி உருவாக்கிய எஞ்சின் 52 குதிரைத்திறன். அந்தக் காலத்துக்கு அபாரமான எஞ்சின், மறுக்கவில்லை. விமானத்தில் ஏறியவரும் அதே மான்லிதான். ஒரு கிளைடரில்கூடப் பறந்து பழகாதவர். 1903 டிசம்பர் 8 அன்று படகின் மேல் தளத்திலிருந்து அதை ஏவினார்கள். சட்டம் ஒடிந்து நேராகப் பொட்டோமாக் ஆற்றில். இறக்கைச் சட்டத்தை நம்பாமல் எஞ்சினை நம்பினால் நனையத்தான் வேண்டும்.

ஒன்பதே நாள் கழித்து, 12 குதிரைத்திறன் எஞ்சினோடு ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். அண்ணன் இவர்களைத் தம் கட்சிச் சாட்சியாகக் கூப்பிட்டார். சாட்சியை நானும் விசாரிக்கிறேன். அந்த எஞ்சினைச் செய்ய எவ்வளவு நாள் ஆயிற்று? அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் செய்துவிட்டார். இறக்கைக்கு? 1899இல் தொடங்கி 1902 வரை. கிட்டி ஹாக் என்ற அமெரிக்கக் கடற்கரை ஊரின் மணல்மேட்டில் 1902இல் மட்டும் எத்தனை நூறு தடவை கிளைடரில் சறுக்கினார்கள்! இந்த வழியில் இறங்கக் காரணமானவர் யார் என்று கேட்டால், வில்பர் ரைட் லிலியந்தாலின் மரணச் செய்தியிலிருந்தே கதையைத் தொடங்குகிறார்.

அண்ணன் குறுக்கே கேட்டார்: ‘லிலியந்தால் அளந்து போட்ட தூக்குவிசை அட்டவணையே தப்பு என்று ரைட்கள் சொல்லவில்லையா?’ சொன்னார்கள், 1901இல். அதே ஆண்டு, காற்றை ஊதிவிட்டு இறக்கை மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுக் குடைவு ஒன்றைத் தாமே கட்டி அளந்து பார்த்தபோது தெரிந்தது வேறு. பிழையின் பெரும்பகுதி, காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட எல்லோரும் பயன்படுத்திவந்த பதினெட்டாம் நூற்றாண்டுப் பழைய மாறிலி ஒன்றில் இருந்தது. லிலியந்தாலின் எண்கள் அவருடைய இறக்கை வடிவத்துக்குப் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. பாதிக் கதையை மட்டும் கேட்டுவிட்டு வழக்காட வரக்கூடாது.

சரி, அந்த மரணத்துக்கு வருகிறேன். 1896 ஆகஸ்ட் 9. ஸ்டோல்ன் ஊரின் கோலன்பெர்க் குன்று. காற்று வீச்சில் கிளைடரின் மூக்கு நிமிர்ந்து, வேகம் அறுந்து, சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். மறுநாள் பெர்லினில் உயிர் பிரிந்தது. வயது 48. ‘இறக்கை அவரைக் கைவிட்டது’ என்றார் அண்ணன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காலை வீசிச் சமநிலை பிடிப்பது போதாது. பெரிய காற்றுக்கு மனித உடலின் எடை ஈடு கொடுக்காது. அதுதான் அவர் வழியின் குறை. ஆனால் அந்தக் குறையைத் தீர்த்தது எது? எஞ்சினா? இல்லை ஐயா. இறக்கையின் நுனியை முறுக்கித் திருப்பும் உத்தி, மூக்கை ஏற்றி இறக்க முன்னே ஒரு கிடைச்சுக்கான், பக்கவாட்டில் திருப்பப் பின்னே அசையும் செங்குத்துச் சுக்கான். மூன்றும் 1902இல், எஞ்சினே இல்லாத கிளைடரில் முடிந்துபோன வேலை. ஐந்து ஆண்டுகளில் லிலியந்தால் காற்றில் இருந்த மொத்த நேரம் ஐந்து மணி நேரம்தான் என்று வில்பர் கணக்குப் போட்டார். அவ்வளவு குறைவா என்று குறைப்பட்டு, நாம் இன்னும் அதிகம் பறக்க வேண்டும் என்றுதான் அவர்கள் காற்று ஓயாத கடற்கரையைத் தேடிப் போனார்கள். எஞ்சினைத் தேடி அல்ல.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு செய்தி, முடித்துவிடுகிறேன். அதே கோலன்பெர்க் அடிவாரத்தில், 1989 அக்டோபரில், இல்யூஷின் 62 என்ற நான்கு எஞ்சின் ஜெட் விமானத்தை, ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத புல்வெளியில் கொண்டுவந்து இறக்கினார்கள். லிலியந்தால் நினைவாக அங்கேயே நிறுத்துவதற்காக. அவர் மனைவி ஆக்னஸின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். நான்கு எஞ்சினும் இன்றுவரை அசையாமல் நிற்கின்றன. உள்ளே திருமணப் பதிவு நடக்கிறது. அண்ணன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். டிக்கெட் செலவுக்கு எங்கள் அணி பொறுப்பல்ல. வணக்கம்.