குவாண்டம் சங்கிலியைத் தீர்க்கும் இயற்கணிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

குவாண்டம் இயக்கவியல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடு. பாடநூல்களும் அந்த வழியில்தான் போகின்றன: சமன்பாட்டை எழுது, தீர், ஆற்றல் நிலைகளைக் கண்டுபிடி. ஆனால் 1926 ஜனவரியில் வொல்ஃப்காங் பவுலி, ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் நிலைகளை வெறும் இயற்கணிதத்தாலேயே கணக்கிட்டு முடித்துவிட்டார். ஷ்ரோடிங்கரின் கட்டுரை அப்போது இன்னும் அச்சாகவில்லை.

அவர் செய்தது இதுதான். அணுக்கருவின் ஈர்ப்பில் சுற்றும் எலெக்ட்ரானுக்குக் கோண உந்தம் மாறாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு இன்னொரு வெக்டரும் மாறுவதில்லை. நீள்வட்டப் பாதையின் நெட்டச்சு எந்தத் திசையில் கிடக்கிறது என்று காட்டும் வெக்டர் அது. பவுலி இரண்டையும் குவாண்டம் செயலிகளாக, அதாவது ஒரு நிலையின் மீது செயல்பட்டு அதை வேறொன்றாக மாற்றும் கணிதக் கருவிகளாக எழுதினார். செயலிகளை வரிசை மாற்றிப் பெருக்கினால் விடையும் மாறலாம். எவ்வளவு மாறும் என்று சொல்லும் விதிகள்தான் அவற்றின் இயற்கணிதம். இந்த இரு வெக்டர்களுக்கும் அந்த விதிகளை எழுதிப் பார்த்தால், நான்கு பரிமாண வெளியில் நிகழும் சுழற்சிகளுக்கு உரிய விதிகளாக அவை இருக்கின்றன. அதற்கு அப்புறம் வேலை சுலபம். ஒரே ஆற்றலில் 1, 4, 9, 16 என்று நிலைகள் ஏன் சேர்கின்றன என்பதற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. எந்த வகைக்கெழுச் சமன்பாட்டையும் தீர்க்கத் தேவையில்லை.

சரி, ஒரு எலெக்ட்ரான் என்றால் இப்படி. ஆயிரம் துகள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தால்? இதே வழி அங்கேயும் செல்லுமா?

பொதுவாகச் செல்லாது. ஏன் என்று ஒரு கணக்கில் சொல்கிறேன். ஒரு வரிசையில் 40 அணுக்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம் போல நடந்துகொள்ள வைக்கும் பண்புக்கு ஸ்பின் என்று பெயர். அது மேலே அல்லது கீழே, இரண்டே வாய்ப்பு. மொத்த நிலைகள் 2-இன் அடுக்கு 40, அதாவது ஒரு லட்சம் கோடிக்கும் மேல். 300 அணுக்களை எடுத்துக்கொண்டால், காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிடும். கணினி எவ்வளவு பெரிதானாலும் இதை நேரடியாக எதிர்கொள்ள முடியாது.

ஆனால் சில அமைப்புகளில் செல்கிறது. அவற்றைத்தான் குவாண்டம் தொகையிடத்தக்க அமைப்புகள் என்கிறோம். அவற்றுக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த விஷயம். பலர் இயற்கணிதத்தைத் தீர்வை அழகாக எழுதித் தரும் மொழியாகவே பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீர்வு என்று ஒன்று இருப்பதற்கே அந்த இயற்கணிதம்தான் காரணம்.

கதை 1931-இல் ஹான்ஸ் பெத்தேவிடம் தொடங்குகிறது. ஹைசன்பர்க் 1928-இல் காந்தத்தன்மையை விளக்க ஒரு மாதிரியைத் தந்திருந்தார்: அடுத்தடுத்த ஸ்பின்கள் மட்டும் ஒன்றையொன்று பாதிக்கும், அவ்வளவுதான். பெத்தே அதை ஒற்றை வரிசையில் எடுத்துக்கொண்டார். எல்லா ஸ்பின்களும் மேல்நோக்கி இருக்கையில் ஒன்றைக் கவிழ்த்துவிட்டால், அந்தக் கவிழ்ப்பு சங்கிலியில் ஓர் அலையாக ஓடும். அதற்கு மேக்னான் என்று பெயர். இரண்டைக் கவிழ்த்தால் இரண்டு அலைகள் ஓடி மோதும். ஒரே கோட்டில் மோதும்போது ஆற்றலும் உந்தமும் மாறக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளே போதும்: பழைய உந்தங்கள் அப்படியே இருக்கும், அல்லது கைமாறும். வேறு வழி கிடையாது.

மூன்று மேக்னான்கள் வந்தால்தான் சிக்கல். மூன்று உந்தங்களைத் தீர்மானிக்க இரண்டு நிபந்தனைகள் போதாது. புதிய உந்தங்கள் பிறக்க இடம் உண்டு. அப்படிப் பிறக்காது, இருக்கும் உந்தங்களே தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளும் என்று வைத்து பெத்தே அலைச்சார்பை எழுதிப் பார்த்தார். அது சரியாகப் பொருந்தியது. மீதமிருந்தது ஒரே ஒரு கட்டுப்பாடு. சங்கிலியை வளையமாக வளைத்துவிட்டு, ஒரு மேக்னானைச் சுற்றி அனுப்புங்கள். வழியில் மற்ற ஒவ்வொரு மேக்னானோடும் மோதி, ஒவ்வொரு மோதலிலும் அலையின் ஏற்ற இறக்கம் சற்று முன்பின் நகர்ந்து, அதாவது கட்டம் மாறி, புறப்பட்ட இடத்துக்கு வரும்போது அலை தன்னோடு பொருந்த வேண்டும். இந்த நிபந்தனைகள்தான் பெத்தே சமன்பாடுகள். லட்சம் கோடி நிலைகளைக் கொண்ட பிரச்சினை, மேக்னான் எண்ணிக்கை அளவே உள்ள சமன்பாடுகளாகச் சுருங்கிவிட்டது. 1938-இல் ஹுல்தென் இதைக் கொண்டு எதிர்ஃபெர்ரோ காந்தச் சங்கிலியின், அதாவது அடுத்தடுத்த ஸ்பின்கள் எதிரெதிராக நிற்க விரும்பும் சங்கிலியின், மிகத் தாழ்ந்த ஆற்றலைத் துல்லியமாகக் கண்டார்: வழக்கமான அலகில் ஓர் அணுவுக்குக் கால் கழித்தல் இரண்டின் இயல் மடக்கை, அதாவது ஏறத்தாழ மைனஸ் 0.443.

பெத்தே வைத்த ஊகம் பலித்தது. ஏன் பலித்தது என்பது தெளிவாகப் பல பத்தாண்டுகள் ஆயின. 1963-இல் லீப், லினிகர் இருவரும் ஒரே கோட்டில் ஓடும் போசான் துகள்களை இதே முறையில் தீர்த்தார்கள். 1967-இல் சி. என். யாங், உள்நிலை கொண்ட துகள்களுக்கு அதைப் பொருத்த முயன்றபோது ஒரு நிபந்தனை குறுக்கே வந்தது. தனி வழியில் போய்க்கொண்டிருந்த ராட்னி பாக்ஸ்டர், சதுர வலையில் அமைந்த புள்ளியியல் மாதிரி ஒன்றைத் தீர்க்கையில் 1970களின் தொடக்கத்தில் அதே நிபந்தனைக்கு வந்து சேர்ந்தார். யாங்–பாக்ஸ்டர் சமன்பாடு என்று அதைச் சொல்கிறோம்.

வானொலியில் சமன்பாட்டை எழுதிக் காட்ட முடியாது. அதனால் இப்படிச் சொல்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று துகள்கள். முதலில் ஒன்றும் இரண்டும் மோதி, அப்புறம் ஒன்றும் மூன்றும், கடைசியாக இரண்டும் மூன்றும் மோதலாம். அல்லது இரண்டும் மூன்றும் முதலில் மோதி, ஒன்றும் மூன்றும் அடுத்து, ஒன்றும் இரண்டும் கடைசியாக மோதலாம். எது முதலில் நடக்கும் என்பது அவை எங்கிருந்து புறப்பட்டன என்பதைப் பொறுத்தது. இரண்டு வரிசையிலும் இறுதி விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மூன்று புரியால் சடை பின்னியவர்களுக்கு இது கைப்பழக்கம்: இடது, வலது, இடது என்று மாற்றினாலும் வலது, இடது, வலது என்று மாற்றினாலும் மூன்று புரிகளும் போய் நிற்கும் விதம் ஒன்றே. கணித ஆட்களுக்கும் இது ஒற்றுமையாக மட்டும் நின்றுவிடவில்லை. வோகன் ஜோன்ஸ் 1984-இல் முடிச்சுகளுக்குக் கண்டுபிடித்த பல்லுறுப்புக் கோவை இதே இயற்கணிதத்தோடு நெருங்கிய உறவுடையது.

மூன்றுக்கு இந்த நிபந்தனை நிறைவேறினால் போதும், ஆயிரம் துகள்களுக்கும் அது செல்லும். எந்தக் கூட்டு மோதலையும் இரண்டிரண்டாகப் பிரிக்கலாம். பிரிக்கும் வரிசை எதுவானாலும் முரண் வராது. பெத்தேயின் ஊகம் நின்றது இந்த அஸ்திவாரத்தின்மேல்தான்.

இதை ஒரு முழு இயந்திரமாகவே ஆக்கியவர்கள் லெனின்கிராடு குழுவினர். லுட்விக் ஃபதேயெவ், ஸ்கிளியானின், தக்தஜான் ஆகியோர் 1979 வாக்கில் உருவாக்கியதை இயற்கணித பெத்தே அன்சாட்ஸ் என்கிறார்கள். அன்சாட்ஸ் என்றால் தீர்வு இப்படித்தான் இருக்கும் என்று வைக்கும் ஊகம். என் பார்வையில் இத்துறையின் மிக அழகான பகுதி இது. எனவே இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

சங்கிலியோடு ஒரு துணை ஸ்பினைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை ஒவ்வொரு அணுவோடும் வரிசையாக மோதவிட்டு ஒரு சுற்று கொண்டுவாருங்கள். அந்தப் பயணத்தின் மொத்த விளைவை இரண்டுக்கு இரண்டு மேட்ரிக்ஸாக எழுதலாம். அதன் நான்கு உறுப்புகளும் முழுச் சங்கிலியின் மீது செயல்படும் செயலிகள். ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்துக்கொள்வோம். துணை ஸ்பினின் வேகத்தை நம் விருப்பப்படி மாற்றலாம். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு நால்வர் குழு. ஒரு வேகத்தின் குழுவை இன்னொரு வேகத்தின் குழுவோடு இடம் மாற்றினால் என்ன ஆகும் என்று 16 விதிகள் உண்டு. அத்தனையும் யாங்–பாக்ஸ்டர் சமன்பாட்டிலிருந்து வருகின்றன.

அந்த விதிகளிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது: ஏ-யையும் டி-யையும் கூட்டினால் வரும் செயலி, எந்த இரண்டு வேகங்களுக்கும் வரிசை மாற்றினாலும் மாறாது. அதன் மடக்கையை வேகத்தைப் பொறுத்து விரித்தால் ஹாமில்டோனியன், அதாவது அமைப்பின் மொத்த ஆற்றலுக்கான செயலி, கிடைக்கும். அதோடு, அடுத்தடுத்த மூன்று ஸ்பின்களை உள்ளடக்கியது, நான்கை உள்ளடக்கியது என்று மாறாக் கணியங்களின் நீண்ட வரிசையே கிடைக்கும். மூன்று மேக்னான்கள் மோதும்போது புதிய உந்தம் ஏன் பிறக்கவில்லை என்று கேட்டோமே, பதில் இதில் இருக்கிறது. ஆற்றல், உந்தம் தவிர இத்தனை கணியங்களும் மாறாமல் இருக்க வேண்டும் என்றால், பழைய உந்தங்களை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

இரண்டாவது: எல்லா ஸ்பின்களும் மேல்நோக்கிய நிலையின் மீது பி செயல்பட்டால் ஒரு மேக்னான் உண்டாகும். மறுபடி பி, இன்னொரு மேக்னான். அப்படி உருவான நிலையின் ஆற்றல் வேண்டுமானால், ஏ-யையும் டி-யையும் எல்லா பி-களையும் தாண்டி வலப்பக்கம் நகர்த்த வேண்டும். நகர்த்துகையில் விதிகளின்படி இரண்டு வகை உறுப்புகள் வரும்: நமக்கு வேண்டியவை, வேண்டாதவை. வேண்டாதவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைய வேண்டும் என்று கேட்டால், அதற்கான நிபந்தனை வேறெதுவும் அல்ல, பெத்தேயின் அதே சமன்பாடுகள்தான். பெத்தே பல பக்கங்களில் அலைச்சார்பாக விரித்துச் செய்த வேலை, செயலிகளை இடம் மாற்றும் வேலையாக மாறிவிட்டது. பவுலியின் பாதை பல துகள் உலகத்துக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாக என்று நான் நினைக்கிறேன்.

1985 வாக்கில் டிரின்ஃபெல்டும் ஜிம்போவும் இந்த விதிகளுக்குப் பின்னால் இருந்த அமைப்பைத் தனியே எடுத்துக் குவாண்டம் குழுக்கள் என்று நிறுவினார்கள். டிரின்ஃபெல்ட் அவற்றில் ஒரு வகைக்கு யாங்கின் பெயரால் யாங்கியன் என்று பெயரிட்டார். 1990-இல் அவருக்கும் ஜோன்ஸுக்கும் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. கணிதப் பக்கம் அப்புறம் வெகுதூரம் போய்விட்டது. அதற்குள் நான் போகப்போவதில்லை.

இதெல்லாம் தாளில் மட்டும் இருக்கும் பொம்மை உலகம்தானே என்று இயற்பியலாளர்களே சொல்வதுண்டு. நான் அவர்களுக்கு மயில்துத்தத்தைக் காட்டுவேன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீலமாக இருக்குமே, அதே தாமிர சல்ஃபேட் படிகம். அதில் ஒரு பகுதித் தாமிர அயனிகள் மிகக் குறைந்த வெப்பநிலையில் கிட்டத்தட்டத் தனித்தனி ஹைசன்பர்க் சங்கிலிகளாகவே நடந்துகொள்கின்றன. எதிர்ஃபெர்ரோ சங்கிலிக்குச் சற்று ஆற்றல் கொடுத்தால் அதன் மிகத் தாழ்ந்த நிலை கலைந்து எழும் அலையைக் கிளர்ச்சி என்பார்கள். அடிப்படைக் கிளர்ச்சியின் ஸ்பின் அளவு 1 என்றுதான் முன்பு கருதினார்கள். ஃபதேயெவும் தக்தஜானும் 1981-இல் இயற்கணித முறையில் ஆராய்ந்து, அது அரை என்று காட்டினார்கள். அந்தக் கிளர்ச்சியை ஸ்பினான் என்கிறோம். இதைப் பரிசோதிக்கப் படிகத்தின் மீது நியூட்ரான்களை மோதவிட்டு, அவை சிதறுவதை அளப்பார்கள். நியூட்ரான் வந்து மோதினால் சங்கிலியின் ஸ்பின் அளவு 1 மாறும். எனவே ஸ்பினான்கள் ஜோடியாகத்தான் பிறக்க முடியும். குவாண்டம் குழுக்களிலிருந்து வந்த கணக்கின்படி, சிதறலின் மொத்த வலிமையில் சுமார் 73 சதவீதம் இரண்டு ஸ்பினான்களிடமிருந்தும், பாக்கியில் பெரும்பகுதி நான்கு ஸ்பினான்களிடமிருந்தும் வர வேண்டும். 2013-இல் கனநீர் கலந்த தாமிர சல்ஃபேட் படிகத்தில் நியூட்ரான் சிதறலை அளந்து வெளியிட்டார்கள். பரிசோதனையும் கணக்கும் நன்றாக ஒத்துப்போயின.

இன்னொன்று 2006-இல். கினோஷிதா, வெங்கர், வைஸ் மூவரும் ரூபிடியம் அணுக்களை ஒளியால் ஆன மெல்லிய குழாய்களில் அடைத்து, இரண்டு கூட்டங்களாகப் பிரித்து எதிரெதிராக ஓடவிட்டார்கள். சாதாரண வாயு என்றால் சில மோதல்களிலேயே வேகங்கள் கலந்து சமநிலைக்கு வந்துவிடும். இங்கே ஆயிரக்கணக்கான மோதல்களுக்குப் பிறகும் கலக்கவில்லை. லீபும் லினிகரும் தீர்த்த மாதிரிக்கு மிக அருகில் இருந்த அமைப்பு அது. மாறாக் கணியங்கள் அணுக்களைத் தம் பழைய வேகங்களை மறக்கவிடவில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். குவாண்டம் தொகையிடத்தக்க அமைப்பு என்றால் என்ன என்று எல்லோரும் ஏற்கும் வரையறை இன்றும் இல்லை. பழைய இயக்கவியலில் எத்தனை திசைகளில் அமைப்பு அசையுமோ அத்தனை மாறாக் கணியங்கள் இருந்தால் போதும். குவாண்டத்தில் அந்த எண்ணிக்கையால் பயனில்லை. எந்த ஹாமில்டோனியனுக்கும் அதன் சொந்த நிலைகளைக் கொண்டே வேண்டிய அளவு மாறாக் கணியங்களை உண்டாக்கிவிடலாம். அவை எதையும் சொல்லாத வெற்றுக் கணியங்கள். அதனால்தான் நான் எண்ணிக்கையை விட்டுவிட்டு யாங்–பாக்ஸ்டர் சமன்பாட்டைக் கேட்கிறேன். அதுவும் முழு வரையறை ஆகாது. ஆனாலும் கையில் இருப்பதில் அதுவே நம்பகமானது.

கடைசியாக, பரிமாணம் பற்றி. பெத்தே தம் 1931 கட்டுரையை முடிக்கும்போது, இதே முறையை அடுத்து முப்பரிமாணப் படிகங்களுக்கு விரிக்கப்போவதாக எழுதினார். அந்தக் கட்டுரை வரவே இல்லை. காரணம் இப்போது தெரிகிறது: மோதலின் வரிசை என்று நாம் பேசியதெல்லாம் ஒரே கோட்டில் ஓடும் துகள்களுக்குத்தான் பொருந்தும். ஒரு தளத்தில் துகள்கள் ஒன்றையொன்று மோதாமலே விலகிப்போக முடியும். மூன்று கோடுகளுக்குப் பதில் நான்கு தளங்களை வைத்து ஸமலோத்சிகோவ் 1980-இல் நான்முகிச் சமன்பாடு என்ற ஒன்றை எழுதினார். அதற்குத் தீர்வுகள் கிடைத்திருக்கின்றன, ஆனால் மிகக் கொஞ்சம். ஹைசன்பர்க்கின் அதே மாதிரியைச் சதுர வலையில் வைத்தால், அதன் மிகத் தாழ்ந்த ஆற்றலுக்கு ஹுல்தென் தந்ததைப் போன்ற துல்லியமான சூத்திரம் இன்றுவரை கிடையாது. கணினியில் எண்களாகத்தான் கணக்கிடுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.