தபாலில் வந்த தத்துவம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது 'தத்துவ ஞானி' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டார். அதை முதலில் திருப்பி அவரிடமே கொடுத்துவிடுகிறேன். முப்பத்தேழு வருஷம் தபால் இலாகாவில் வேலை பார்த்து, சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்று, அப்புறம் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. தத்துவம் படித்தவன், அவ்வளவுதான். அதுவும் இரண்டு வருஷப் படிப்பை நான்கு வருஷம் படித்தேன். ஞானிக்கு அரியர் இருக்காது. எனக்கு இரண்டு இருந்தது.

சேர்ந்த புதிதில் ஊரில் இரண்டு விதமாக விசாரித்தார்கள். "வீட்டில் ஏதாவது மனஸ்தாபமா?" என்பது ஒன்று. "காவி கட்டப் போறீங்களா?" என்பது இன்னொன்று. என் மைத்துனர் மட்டும்தான் உருப்படியாகக் கேட்டார்: "அத்தான், இதைப் படிச்சா பென்ஷன் கூடுமா?" கூடாது என்றேன். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஏன் தத்துவம், அதுவும் ஏன் தபாலில் என்று கேட்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கம். அஞ்சல்வழிக் கல்வி நம் பக்கம் சூடு பிடித்த நேரம். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே ஆரம்பித்துவிட்டது. இங்கே மதுரை 1971-ல், அண்ணாமலை 1979-ல், சென்னை 1981-ல் என்று ஒவ்வொன்றாகத் தொடங்கின. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-ல் வந்தது. இதெல்லாம் உங்களுக்கு வெறும் வருஷக் கணக்கு. எனக்கு அது மூட்டைக் கணக்கு. காலையில் பையைப் பிரித்தால் பழுப்பு உறையில் பாடக்கட்டுகள் கொட்டும். மில் தொழிலாளி, டைப்பிஸ்ட் பெண், கான்ஸ்டபிள் என்று வாங்குகிறவர்கள் பலதரம். 'கரஸ்ல படிக்கிறேன் சார்' என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள். ஒருநாள் ஒரு கட்டின் ஓரம் கிழிந்திருந்தது. உள்ளே தெரிந்த அரைப் பக்கத்தைப் படித்தேன். இலாகா விதிப்படி அது தப்பு. 'நான் காணாதபோது இந்த மேஜை இருக்கிறதா' என்கிற மாதிரி ஒரு கேள்வி அதில் இருந்தது. கட்டைச் சணல் போட்டுக் கட்டி அனுப்பிவிட்டேன். கேள்வி மட்டும் டெலிவரி ஆகாமல் என்னிடமே தங்கிவிட்டது.

சரி, ஓய்வு வந்தது, சேர்ந்தேன். எந்தப் பட்டம் வாங்கியிருந்தாலும் சேரலாம், வயது வரம்பு கிடையாது என்றார்கள். அறுபது வயதுக்காரனுக்கு உலக அனுபவம் இருக்கிறதே, தத்துவத்தை ஊதித் தள்ளிவிடலாம் என்று ஒரு நினைப்பு. முதல் அசைன்மென்டில் அனுபவம் மட்டுமே அறிவுக்கு ஆதாரமாகுமா என்று கேட்டிருந்தார்கள். எட்டுப் பக்கம் எழுதினேன். வெள்ளத்தில் தபால் கொண்டு போனது, மணியார்டர் தகராறு, எல்லாம் வைத்து எழுதி, கடைசியில் இரண்டு குறளும் போட்டேன். நூற்றுக்கு முப்பத்தெட்டு வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி. தமிழில் சொன்னால், 'அனுபவம் இருக்கிறது, வாதம் எங்கே?'

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முப்பத்தேழு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவன் நான். ஆனால் மூன்றாம் நாள் ஹியூமைத் திரும்ப எடுத்துப் படித்தபோது அந்தச் சிவப்பு வரி புரிந்தது. டேவிட் ஹியூம் ஸ்காட்லாந்துக்காரர், பதினெட்டாம் நூற்றாண்டு. நாளைக்குச் சூரியன் உதிக்கும் என்பதற்கு உன்னிடம் என்ன ஆதாரம் என்று அவர் கேட்கிறார். இதுவரை உதித்தது என்கிறோம். 'இதுவரை' என்பதிலிருந்து 'இனிமேல்' என்பதற்கு எப்படித் தாவினாய் என்கிறார். அது பழக்கம், நிரூபணம் இல்லை என்கிறார்.

எங்கள் ஆபீசுக்கு ஒரு ஆயா முதியோர் பென்ஷன் வாங்க வருவார். மாதத்தில் ஒரு நாள், பத்தரை மணி, கையில் ஒரு மஞ்சள் பை. பதினொரு வருஷம் தவறவில்லை. அவர் பணத்தை நான் முன்கூட்டியே எண்ணித் தனியாக வைத்துவிடுவேன். ஒரு மாதம் வரவில்லை. எண்ணி வைத்த பணம் மேஜையில் அப்படியே இருந்தது. ஆயா வருவார் என்பதற்கு என்னிடம் இருந்த ஆதாரமெல்லாம், போன மாதம் வந்தார் என்பதுதான். இந்தக் கதையும் அந்த எட்டுப் பக்கத்தில் இருந்தது. ஆனால் கண்ணீர் வரும்படி எழுதியிருந்தேன், அதில் என்ன கேள்வி இருக்கிறது என்று எழுதவில்லை. இருபது வயதுப் பிள்ளைக்கு வாதம் சீக்கிரம் பிடிபடுகிறது, உதாரணம் கிடைக்காது. நமக்கு உதாரணம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அதைச் சொல்லி முடித்ததும் வாதமும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பேரப் பிள்ளைகள் நம்மிடமிருந்து நழுவுவதற்குக் காரணமும் இதுவாக இருக்கலாம். அது வேறு கூட்டத்துக்கான விஷயம்.

இந்தியத் தத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது நியாய தரிசனம், அதாவது தர்க்கத்தை முதன்மையாக வைத்த தத்துவப் பிரிவு. பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், இதே நூலகத்தில்தான், "இதுக்கு ஏன்யா ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டறே? மணிமேகலையில இருபத்தொன்பதாம் காதையைப் பாரு" என்றார். பார்த்தால், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கப் பாடம் நடத்துகிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து படிகள். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை இருக்கிறது. அடுக்களையைப் போல. இந்த மலையிலும் அப்படிப் புகை இருக்கிறது. ஆகவே நெருப்பு இருக்கிறது. அரிஸ்டாட்டில் மூன்று வரியில் முடிப்பதை இவர்கள் ஐந்தாக விரிக்கிறார்கள். நடுவில் இருக்கும் அந்த அடுக்களைதான் அழகு. உதாரணம் காட்டாமல் உன்னை நம்பமாட்டேன் என்கிறார்கள்.

இதை அசைன்மென்டுக்காக வீட்டில் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்: "ஏங்க, நம்ம அடுக்களையில ஏது புகை? கேஸ் அடுப்பு நெருப்புதானே?" நான், அது அந்தக் காலம், விறகடுப்பு என்றேன். "விறகடுப்பும் எங்க புகைஞ்சது? எங்க அம்மா காஞ்ச சவுக்கு வாங்கிப் போட்டா புகையே வராது. மழை நாள்ல ஈர விறகு வெச்சாத்தான் கண்ணெரியும்."

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏன் தெரியுமா? அடுத்த பக்கத்தில் அதுதான் இருந்தது. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பது சரி. நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்றால் தப்பு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அப்படியானால் நெருப்போடு இன்னொன்றும் சேர்ந்தால்தான் புகை. அந்த இன்னொன்றுக்கு உபாதி என்று பெயர். தர்க்க நூல்கள் வழிவழியாகச் சொல்லும் உபாதி எது? ஈர விறகு. பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் ஆரம்ப மாணவர்களுக்காக எழுதிய தர்க்க சங்கிரகத்தின் மரபில் வருவது இது. மூன்று வாரமாக எனக்கு மண்டையில் ஏறாததை, எட்டாம் வகுப்போடு நின்ற என் மனைவி புளி கரைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அந்த அசைன்மென்டுக்கு எழுபத்தொன்று வந்தது. பாதி அவளுடையது.

தொலைநிலைப் படிப்பில் பெரிய குறை ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கணக்கியலைத் தனியாகப் படித்துவிடலாம். தத்துவம் எதிரே ஒரு ஆள் இல்லாமல் நடக்காது. தொடர்பு வகுப்பு எப்போதோ ஒருமுறை. வந்தவர்களில் பாதிப் பேர் தேர்வாணையப் பரீட்சைக்காகப் படிக்கிறவர்கள், நோட்ஸ் கிடைக்குமா என்பதுதான் அவர்கள் கேள்வி. அவர்களைக் குறை சொல்லவில்லை, வயிற்றுப்பாடு. ஆனால் நான் ஆள் இல்லாமல் தவித்தேன்.

அப்போது எனக்குத் தெம்பு கொடுத்தது இரண்டு கடிதக் கட்டுகள். தபால்காரன் புத்தி! ஒன்று ரோமானியத் தத்துவ அறிஞர் செனெக்கா எழுதியது. ரோமில் நீரோ மன்னனின் அவையிலிருந்து ஒதுங்கிய பிறகு, ஏறக்குறைய ஓய்வு பெற்ற நிலையில், சிசிலியில் உத்தியோகம் பார்த்த லூசிலியஸ் என்ற நண்பருக்கு எழுதினார். 124 கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. லூசிலியஸின் பதில் ஒன்றுகூட இல்லை. இத்தனை அனுப்பியும் ஒரு அக்னாலட்ஜ்மென்ட் கார்டு திரும்பவில்லையே என்று என் தொழில்மனசு அடித்துக்கொள்கிறது.

இன்னொன்று எலிசபெத் இளவரசி எழுதியது. பொஹீமியா அரச குடும்பத்தவர், நாடிழந்து ஹாலந்தில் இருந்தவர். 1643 மே மாதம் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த்துக்கு எழுதுகிறார். அவருக்கு இருபத்துநாலு வயது, தெகார்த்துக்கு நாற்பத்தேழு. ஆன்மாவுக்கு உருவமோ எடையோ இல்லை என்கிறீர்கள், அப்படிப்பட்டது எப்படிக் கையையும் காலையும் நகர்த்தும் என்று கேட்டார். தெகார்த் பதில் போட்டார். அது போதவில்லை என்று இளவரசி திருப்பி எழுதினார். இப்படியே ஏழு வருஷம், தெகார்த் சாகும்வரை. தொலைநிலைக் கல்வியில் மாணவர் ஆசிரியரை மடக்கியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எதிராளி பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று புரிந்தது. பதில் வரப் பத்து நாள் ஆகும் என்றால் அந்தப் பத்து நாளும் நம் வாதத்தை நாமே அடித்துத் திருத்துகிறோம். அப்புறம் நானும் தமிழாசிரியரும் ஒரே தெருவில் இருந்துகொண்டே போஸ்ட் கார்டில் சண்டை போட ஆரம்பித்தோம். பீட் போஸ்ட்மேன் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு மனக்குறையும் உண்டு. ஒரு பருவத்தில் நான் பதிவுத் தபாலில் அனுப்பிய அசைன்மென்ட் வந்து சேரவில்லை என்று ரிசல்டில் போட்டுவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம். பதிவுச் சீட்டு, அவர்கள் முத்திரையும் கையெழுத்தும் போட்ட ஒப்புகை அட்டை, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இருக்கையில் இருந்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அதெல்லாம் சரி சார், பேப்பர் எங்க கண்ணுல படலையே" என்றார்.

மணிமேகலையில் இருபத்தேழாம் காதையில் ஒரு பூதவாதி வருவான். கண்ணால் கண்டதை மட்டும்தான் ஒப்புக்கொள்வேன், அனுமானம் செல்லாது என்பான். மணிமேகலை அவனிடம், உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்பாள். அந்த வரி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காவியத்தில் கேட்கலாம், கவுண்டரில் கேட்டால் போலீஸ் வரும். பேசாமல் இன்னொரு பிரதி எடுத்து, மறுபடி பதிவுத் தபாலில் அனுப்பினேன். அரியர் இரண்டில் ஒன்று அப்படி வந்ததுதான். இன்னொன்று ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் பற்றிய பாடம். அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

பரீட்சையைப் பற்றிக் கேட்டார்கள். மூன்று மணி நேரம் கையால் எழுதணும். படிப்பைவிட அதுதான் கஷ்டம். தினமும் காலையில் அரை மணி எழுதிப் பழகுங்கள், விரல் பிடித்துக்கொள்ளாது. தந்தி அனுப்பிய தலைமுறைக்கு ஒரு சௌகரியம் உண்டு, ஒரு வார்த்தை கூடினாலும் காசு என்று எண்ணி எழுதிய பழக்கம். 2013-ல் தந்தியை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்தப் பழக்கம் அசைன்மென்டில் உதவியது.

முடித்துக்கொள்கிறேன், மணி ஆகிவிட்டது. போன வாரம் அலமாரியிலிருந்து அந்தத் தர்க்கப் பாடக்கட்டை எடுத்தேன், இந்தப் பேச்சுக்காக. அடுக்களை உதாரணம் வரும் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் என் மனைவி கையெழுத்து: 'மூணு விசில் வந்தா வெந்திருக்கும் – இது சரியா?' எப்போது எழுதினாள் என்று தெரியவில்லை. அதற்குக் கீழே நான் இன்னும் பதில் எழுதவில்லை. துவரம்பருப்புக்குச் சரி. பழைய கொண்டைக்கடலைக்கு நிச்சயமாக இல்லை. அப்படியானால் அங்கே உபாதி எது, ஊறின நேரமா, கடலையின் வயசா? உங்களில் யாருக்காவது தோன்றினால் ஒரு கார்டு போடுங்கள்.