குடல் அழற்சிக்கு கார் டி செல்: எர்லாங்கனிலிருந்து வந்த நம்பிக்கை

வணக்கம் நண்பர்களே. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் புண் நோயோடு என் தங்கை பல ஆண்டுகளாகப் போராடி வருவதால், இன்றைய செய்தியை மிகுந்த அக்கறையோடு உங்கள் முன் வைக்கிறேன்.

1998-இல் கிரோன் என்னும் மற்றொரு குடல் அழற்சி நோய்க்கு இன்ஃப்ளிக்சிமாப் என்னும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு, குடல் அழற்சியை அடக்கும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனாலும் எந்த மருந்துக்கும் பணியாத நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இறுதியில் பெருங்குடலையே அறுவை செய்து எடுத்துவிட வேண்டிய நிலைக்கு வருகிறார்கள். ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனை, அத்தகைய இளம்பெண் ஒருவருக்கு கார் டி செல் சிகிச்சை அளித்து நோய் தணிந்ததை 2025-இல் வெளியிட்டது. 2021-இல், எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் என்னும் நோய் கொண்ட ஒருவருக்கு இதே சிகிச்சை பலன் தந்ததை அறிவித்ததும் இதே மருத்துவமனைதான்.

இந்தச் சிகிச்சையில், நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்தெடுத்து, எதிர்ப்பொருள்களை உருவாக்கும், சில வேளை தன் உடலுக்கே எதிராகத் திரும்பும் பி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி19 என்னும் அடையாளத்தைக் கண்டுபிடித்து அழிக்கும்படி அவற்றின் மரபணுவை மாற்றி, பெருக்கி, மீண்டும் உடலுக்குள் செலுத்துகிறார்கள்.

என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து இதே பெருங்குடல் நோயில் முன்பே சோதிக்கப்பட்டு, 2011-இல் வெளியான ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. அப்படியிருக்க, இது மட்டும் எப்படிப் பலித்தது? ரிட்டுக்சிமாப் இரத்தத்திலுள்ள பி செல்களை நன்றாகவே துடைத்தாலும், நிணநீர் முடிச்சுகளுக்குள் ஒளிந்திருப்பவற்றை முழுமையாக எட்டுவதில்லை; கார் டி செல்லோ உயிருள்ள செல் என்பதால், தானே திசுக்களுக்குள் நுழைந்து தேடுகிறது. விடை இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இது எளிய சிகிச்சை அன்று. செல்களைச் செலுத்துமுன் கீமோதெரபி தேவைப்படுகிறது. அது கருவுறும் திறனைப் பாதிக்கக்கூடும் என்பது, இளம் வயதில் அதிகம் தொடங்கும் இந்நோயில் பெரிய கவலை. சைட்டோகைன் என்னும் அழற்சி தூண்டும் புரதங்களின் பெருக்கத்தால் கடும் காய்ச்சலும் வரலாம்.

மேலும், குடல் என்பது கோடானுகோடி பாக்டீரியாக்களோடு ஒவ்வொரு கணமும் உரசிக்கொண்டிருக்கும் உறுப்பு. லூபஸ் நோயாளிகளிடம் சில மாதங்களில் திரும்பி வந்த புதிய பி செல்கள் பழைய பகையை மீண்டும் தொடங்கவில்லை. அதே அமைதி இத்தகைய குடலிலும் நிலைக்குமா? ஒரே ஒரு நோயாளியை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. அந்தப் பெண்ணின் அடுத்தடுத்த கொலனோஸ்கோபி முடிவுகளுக்காக நானும் என் தங்கையும் காத்திருக்கிறோம்.